ஒற்றைக் காலில் ஒரு பரீட்சை

போன மாதம் ஒரு நாள் காலை. பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள்.

சும்மா சாய்ந்துகொண்டு இல்லை. இரண்டு கைகளும் இடுப்பில். கண்கள் இறுக்கமாக மூடியிருந்தன. வலது கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க, மொத்த உடம்பையும் தாங்கிய இடது கால் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் ஒருத்தர் தெருவில் விசித்திரமாக எதையாவது செய்தால், முதலில் வருகிற சந்தேகம் பக்திதான். பைத்தியம் என்ற சந்தேகமெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். காய்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மா பக்கத்தில் போய், பயபக்தியோடு கேட்டார்.

"எந்தச் சாமிக்குத்தா வேண்டுதல்?"

அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "பரிச்சைக்குங்க."

"அப்ப நல்லா நில்லுத்தா. அப்படியே என் மகனுக்கும் சேத்து வேண்டிக்க. மூணு அரியர் கெடக்கு."

பஸ் வந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. பஸ் போனது. அவள் காலை மாற்றவும் இல்லை.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். ஏனென்றால் அந்தப் பரீட்சையை ஊருக்குள் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான்.

நித்யா என் தங்கை மகள். விளையாட்டு வீரர்களுக்கான பிசியோதெரபியில் மேல்படிப்பு படிக்கிறாள். தீசிஸ் எழுத வேண்டும். தலைப்பைச் சொன்னாள்... ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாத நீளம். சுருக்கினால் இவ்வளவுதான் – ஆட்டக்காரர்களை ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்த்து, இந்த சீசனில் யாருக்குக் கணுக்கால் பிசகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

"முடியுமாடி?" என்றேன்.

"ஓரளவுக்குச் சொல்லலாம் பெரியம்மா."

"ஓரளவுன்னா எம்புட்டு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் தீசிஸ்."

படித்த பிள்ளைகளிடம் நேரான பதில் வாங்குவதற்கு, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிவிடலாம்.

அவளுக்கு ஒரு டீம் வேண்டும். எனக்குப் பாண்டியைத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கிரவுண்டில் பெண்களுக்குக் கபடி சொல்லித் தருகிற கோச். என்னை அக்கா என்பான். நான் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஏக்கா, கபடியில எதிராளி புடிக்கிறதே கணுக்காலத்தான். அதுக்குன்னே கார்னர்ல ஒரு ஆள நிப்பாட்டி வச்சிருக்கோம். அதுல யாருக்கு அடிபடும்னு கேட்டா? அம்புட்டுப் பேருக்குந்தான்! இதுக்கு ஒரு படிப்பா?"

இருந்தாலும் அக்கா கேட்டுவிட்டேன் அல்லவா? "வரச் சொல்லுங்க, பாத்துக்கிருவோம்" என்றான்.

பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு காலையில் டெஸ்ட் நடந்தது. சிமென்ட் தரையில் நித்யா மூன்று டேப்பை ஒட்டினாள். ஒரு கவட்டைக் கம்பைப் படுக்கப் போட்ட மாதிரி. மூன்றும் சேருகிற இடத்தில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கை இடுப்பில். இன்னொரு காலின் விரல் நுனியால் ஒவ்வொரு டேப்பிலும் எவ்வளவு தூரம் எட்ட முடியுமோ அவ்வளவு தூரம் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஊன்றிய காலின் குதிகாலைத் தூக்கக் கூடாது. பிறகு மெத்தென்ற ஒரு ஸ்பாஞ்சு மேல் ஒற்றைக் காலில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்.

கேட்பதற்கு ரொம்ப சுலபமாக இருக்கிறது, இல்லையா? இதைப் படித்துக்கொண்டிருக்கிற நீங்கள் ஒரு நிமிஷம் எழுந்து, கண்ணை மூடி, ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். நான் வீட்டில் முயற்சி செய்தேன். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இந்தப் பத்தி இந்த வாரம் வந்திருக்காது.

ஆரம்பிக்கும் முன் நித்யா பிள்ளைகளிடம் தெளிவாகச் சொன்னாள். "இது பரீட்சை இல்ல. பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. சும்மா ஒரு சோதனைதான். யாரும் பயப்படாதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"அக்கா, பாஸ் மார்க் எம்புட்டு?"

கேட்டவள் சுதா. அந்த பஸ் ஸ்டாப் பெண் இவள்தான். உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். கபடிக்காக இங்கே சித்தி வீட்டில் தங்கி, பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள். பாண்டியின் டீமில் பாடிப் போகிறவர்களில் இவள்தான் முதல் ஆள். எதிரணிக் கோட்டுக்குள் இவள் காலை வைத்தால், பிடிக்க நிற்கிறவர்கள் தானாகவே ஓர் அடி பின்னால் போவார்கள்.

அப்படிப்பட்டவள் அந்த ஸ்பாஞ்சு மேல் இடது காலை ஊன்றிக் கண்ணை மூடினாள். அடுத்த நொடி நித்யாவின் தோளில் கிடந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். டேப்பைத் தொடுவதிலும் வலது காலில் நின்றபோது எட்டிய தூரத்தை, இடது காலில் நின்றபோது கிட்டத்தில்கூட நெருங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் தூக்குகிற சப்ஸ்டிட்யூட் பிள்ளைகள் எல்லாம் கொக்கு மாதிரி நின்றார்கள்.

"இந்தக் கால் முன்னாடி பிசகியிருக்கா?" என்று கேட்டாள் நித்யா.

"ரெண்டு தடவ பெரண்டுருச்சுக்கா. சுளுக்கு எடுத்து, துணியக் கட்டிக்கிட்டு ஆடிட்டேன். இப்ப வலியெல்லாம் இல்ல."

வலி இல்லை. அதுதான் சிக்கலே என்று நித்யா எனக்கு அப்புறம் விளக்கினாள். வீக்கம் வடிந்து வலி போனதும் நாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தான் எந்தக் கோணத்தில் தரையில் இருக்கிறோம் என்று மூளைக்குச் சொல்லுகிற வேலையை அந்தக் கணுக்கால் பாதி மறந்துவிட்டிருக்கும். கால் மடங்கத் தொடங்கிய பிறகு தகவல் மெதுவாகப் போய்ச் சேரும். டிரைவர் பிரேக் போட்டு நாம் எல்லோரும் முன்னால் போய் விழுந்த பிறகு, கண்டக்டர் "கம்பியப் புடிங்க" என்று சொல்வாரே... அந்த மாதிரி.

ரிசல்ட்டை யாருக்கும் சொல்ல மாட்டேன், அது ஆராய்ச்சி தர்மம் என்றாள் நித்யா. நல்ல தர்மம்தான். ஆனால் ஒருத்தி கண்ணெதிரே விழுவதைப் பார்க்க ரிசல்ட் எதற்கு? கோச் பாண்டி அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை வரை இந்தப் படிப்பைப் பார்த்துச் சிரித்தவன், சாயங்காலமே அதற்குப் பரம பக்தனாகிவிட்டான். விஞ்ஞானத்தை நம்பாதவர்களால் அதிகம் கெடுதல் இல்லை. திடீரென்று நம்ப ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் குலை நடுங்கும்.

"அக்கா, வைகாசியில காலேஜ் செலக்‌ஷன் மேட்ச் இருக்கு. சுதாவ எறக்க மாட்டேன். பாதி ஆட்டத்துல காலு போச்சுன்னா என் டீம் என்னாகுறது?"

அந்த மேட்ச் சுதாவுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிற ஒரு கல்லூரி. அதன் கோச்சுகள் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள். எடுத்துவிட்டால் ஹாஸ்டல், படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுக்காவிட்டால் சுதா ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளுடைய பிளஸ் டூ மார்க்கை நம்பி எந்தக் கல்லூரியும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கவில்லை.

நித்யா பதறிப் போனாள். "அண்ணே, டெஸ்ட் எடுக்கிறது ஆளை வெளியே அனுப்புறதுக்கு இல்ல..."

"பெறகு எதுக்கும்மா?"

நித்யா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஏன் மூடிக்கொண்டாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

"காலைச் சரி பண்ணப் பயிற்சி இருக்கு பெரியம்மா. ஆனா இப்போ சொல்லித் தர முடியாது. சீசன் முடியிற வரைக்கும் ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு கைடு சொல்லியிருக்கார். நடுவுல பயிற்சி குடுத்துட்டா, நான் கணிச்சது சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப அந்தப் பிள்ளை காலு மடங்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கப் போறியா?"

"ஐயோ, நான் என்ன வில்லியா? சீசன் முடிஞ்சதும் எல்லாருக்கும் பயிற்சி சொல்லித் தர்றதா எழுதியே குடுத்திருக்கேன்."

"கால் ஒடிஞ்ச பிறகா?"

தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாளே தவிர, சாப்பிடவில்லை. பாவம், அவள் மேலும் தப்பில்லை. மழை பெய்யும் என்று சொன்னவருக்கு, பெய்தால்தானே மரியாதை?

கடைசியில் பாண்டியிடம் கெஞ்சி ஒரு சமாதானத்துக்குக் கொண்டுவந்தாள். மேட்சுக்கு முன்னால் எல்லோருக்கும் இன்னொரு முறை டெஸ்ட். அதில் சுதா தேறினால் ஆடலாம். தேறாவிட்டால் பெஞ்ச்.

ஆக, பரீட்சை இல்லை என்று ஆரம்பித்தது, முழுப் பரீட்சை ஆகிவிட்டது.

பரீட்சை என்று ஒன்று வந்துவிட்டால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கேள்வித்தாள் ஏற்கெனவே தெரியும். மூன்று டேப், ஒரு ஸ்பாஞ்சு. பிறகென்ன, ரிவிஷன்தான்! சுதா பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்றாள். சித்தி வீட்டில் சோறு வடிக்கும்போது மட்டும் சித்தி அடித்து இரண்டு காலில் நிற்க வைத்தாராம். வாசலில் கோலமாவால் மூன்று கோடு போட்டு விரலால் எட்டி எட்டித் தொட்டாள். பார்த்தவர்கள், புள்ளியே வைக்காமல் இது என்ன கோலம் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? நம்மை யாராவது முந்திவிட்டால்? ஸ்பாஞ்சுக்குப் பதில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, கிரவுண்டிலேயே ஒரு டியூஷன் சென்டர் ஆரம்பமாகிவிட்டது. டெஸ்ட்டில் கடைசியாக வந்த சுதாதான் டியூஷன் மிஸ். நடுவில் சித்திரைத் திருவிழா வந்தது. அழகரைப் பார்க்க ஆற்றோரம் நிற்கிற கூட்டத்தில் எப்படியும் ஓர் ஆளுக்கு ஒரு காலை வைக்கத்தான் இடம் கிடைக்கும். பிள்ளைகள் அதையும் விடவில்லை. கண்ணை மட்டும் மூடவில்லையாம், அழகரைப் பார்க்க வேண்டுமே.

இதெல்லாம் நித்யாவுக்குத் தெரியாது. அவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றால் யாருக்கு என்ன நஷ்டம்?

வைகாசியில் மறு டெஸ்ட். நித்யா டேப்பை ஒட்டி நிமிர்வதற்குள் பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். சுதா ஸ்பாஞ்சு மேல் ஏறினாள். கண்ணை மூடினாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். "போதும், இறங்கு" என்று நித்யாதான் சொல்ல வேண்டியிருந்தது. டேப்பிலும் இரண்டு காலுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. மற்றவர்களும் அப்படியே. மொத்த டீமும் டிஸ்டிங்ஷன்!

பாண்டிக்கு வாயெல்லாம் பல். "பாத்தியாம்மா, நம்ம பிள்ளைக காலு தானா சரியாயிருச்சு!"

தானாக எப்படிச் சரியாகும்? நித்யா கைடுக்குப் போன் போட்டாள். அவர் ஒன்று சொன்னாராம். டெஸ்ட்டைப் பார்த்துப் பழகியிருப்பார்கள், அதனால் மார்க்தான் ஏறியிருக்கும், கால் மாறியிருக்காது, முதல் கணிப்பையே நம்பு, மேட்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று.

அதாவது, சுதாவின் கால் மேட்ச்சில் மடங்கினால் தீசிஸ் பிழைக்கும். மடங்காவிட்டால் தீசிஸ் மடங்கும். இப்படி ஒரு நிலைமையை என் தங்கை மகளுக்கு வைத்தது யார் என்று தெரியவில்லை. வந்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

மேட்ச் அன்று காலை. அந்தக் கல்லூரி மைதானத்தில் நானும் நித்யாவும் குழாயடிப் பக்கம் நிழலில் நின்றுகொண்டிருந்தோம். சுதா யூனிஃபார்மோடு வந்தாள். முகம் செத்துப் போயிருந்தது.

"அக்கா... நான் இன்னைக்கி ஆடல."

"ஏன், கால் வலிக்குதா?"

"இல்லக்கா. டெஸ்ட்டுல நான் ஏமாத்திட்டேன்." அவ்வளவுதான், கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. "நெசமா என் காலு சரியாகலக்கா. டெஸ்ட்டுல என்ன கேப்பீகன்னு தெரிஞ்சு, தெனம் அதையே செஞ்சு பழகி பாஸ் பண்ணிட்டேன். இப்ப உள்ள போயி பெரண்டுருச்சுன்னா, கோச்சு சாரு என்னைய நம்பி எறக்குனது, டீமு... எல்லாம் என்னாலதான் போகும். நான் ஆடலன்னு நீங்களே சொல்லிருங்க."

வேலைக்கும் சீட்டுக்கும் ஊரே காப்பியடிக்கிற காலத்தில், ஒற்றைக் காலில் நின்றதற்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்கிறாள்!

நித்யா அவளை நேராகப் பார்த்துக் கேட்டாள். "என்ன செஞ்சு பழகின? ஒண்ணு விடாம சொல்லு."

சுதா சொன்னாள். பல் தேய்க்கும்போது, பஸ் ஸ்டாப்பில், கோலமாவுக் கோடு, மடித்த போர்வை, கண்ணை மூடிக்கொண்டு. கேட்கக் கேட்க நித்யாவின் முகம் எப்படி எப்படியோ போனது. சிரிப்பா, அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு குழாயடித் திண்டில் அவளை உட்கார வைத்து, அந்த இடது கணுக்காலைக் கையில் எடுத்தாள். சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். எழுப்பி, ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னாள். பக்கவாட்டில் குதிக்கச் சொன்னாள். ஓடி வந்து சட்டென்று திரும்பச் சொன்னாள். சுதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள்.

"ஏய், இங்க பாரு" என்றாள் நித்யா. "நீ எதைத் திருட்டுத்தனம்னு நினைக்கிறியோ, அதைத்தான் நாங்க வைத்தியம்னு சொல்லிக் குடுப்போம். போர்வை மேல நிக்கிறது உட்பட. டெஸ்ட்டுக்கு ஒரு கால், ஆட்டத்துக்கு ஒரு கால்னு தனித்தனியாவா வச்சிருக்க? நீ படிச்சது பூராவும் அந்தக் காலுக்குள்ளேதான் இருக்கு. போ, போய் ஆடு."

"நெசமாவாக்கா?"

"எழுதித் தரவா?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் தன் தீசிஸைத் தானே தூக்கிக் குப்பையில் போட்டாள் என்று சுதாவுக்குத் தெரியாது.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நாம் எல்லோரும் பரீட்சைக்காகவே படித்து வந்தவர்கள். ஹாலை விட்டு வெளியே வரும்போதே எல்லாவற்றையும் உதறிவிட்டு, காலியான தலையோடு வீட்டுக்கு வருகிற வித்தை நமக்கு அத்துப்படி. கணுக்காலுக்கு மட்டும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பரீட்சைக்கென்று படித்ததைக்கூட முட்டாள்தனமாக ஞாபகம் வைத்துக்கொண்டு திரிகிறது.

ஆனால் அது அப்போதைக்கு ஒரு நம்பிக்கைதான். ஞாபகம் வைத்திருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டாமா?

எதிரே மேலூர்ப் பக்கத்து டீம். வாட்டசாட்டமான பிள்ளைகள். சுதா முதல் முறை பாடிப் போனபோது பயந்து பயந்து, கோட்டோரமாகவே உலாத்திவிட்டுத் திரும்பிவிட்டாள். கல்லூரி கோச்சுகள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாண்டி தலையில் கை வைத்தான். இரண்டாவது முறையும் அதேதான்.

ஆட்டம் முடிகிற நேரம், இரண்டு டீமும் சமமான பாயின்ட். சுதா மறுபடி போனாள். இந்த முறை எதை நினைத்தாளோ, நேராக உள்ளே இறங்கினாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் கார்னரில் நின்ற பெண் பாய்ந்து சுதாவின் வலது கணுக்காலை இரண்டு கையாலும் பற்றிவிட்டாள்.

சுதா இடது காலில் நின்றாள். மொத்த உடம்பும் அந்த ஒரு காலில். பிடித்தவள் இழுக்கிறாள். இன்னொருத்தி ஓடி வருகிறாள். இடது பாதம் பக்கவாட்டில் சாய்ந்தது... சாய்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். என் முழங்கையைப் பிடித்திருந்த நித்யாவின் விரல்கள் சதைக்குள் இறங்கின.

சாய்ந்த பாதம் தானாக நிமிர்ந்தது. ஒற்றைக் காலிலேயே ஒரு குதி குதித்தாள். பிடித்தவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இன்னொரு குதி. அப்படியே முன்னால் விழுந்து கையை நீட்டினாள். விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டிக் கிடந்தது.

பாயின்ட்!

மைதானம் அலறியது. கல்லூரி கோச்சுகளில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். சாயங்காலம் அவர்கள் வாசித்த பெயர்களில் முதல் பெயர் சுதாதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அவள் எழுந்திருக்க வேண்டுமே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தாள். இரண்டு காலிலும் நின்றாள். இடது காலைத் தரையில் ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"ஒரே ஒரு மேட்ச்ச வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாது பெரியம்மா" என்றாள் நித்யா, ரொம்ப சீரியஸாக. "புது டீம் பிடிச்சு, எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

சொல்லிவிட்டு இரண்டு விரலை மடித்து வாயில் வைத்தாள்.

தன் ஜோசியம் பொய்த்துப் போனதற்காக ஜோசியக்காரியே விசிலடித்ததை, என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.